140 ஜிபி குடும்பப் படங்களை எங்கே வைப்பது, எப்படிக் காட்டுவது?

அப்பா எழுபதுகளில் எடுத்த கறுப்பு வெள்ளைப் படங்களின் ஸ்கேன், தங்கை கல்யாணத்துக்குப் படமெடுத்தவர் கொடுத்த பென் டிரைவ், குலதெய்வக் கோயில் கொடை, இரண்டு ஃபோன்களில் பத்து வருடமாகச் சேர்ந்தது என்று எல்லாம் சேர்த்து 140 ஜிபி இருக்கிறது என்கிறீர்கள். பார்க்க வேண்டியவர்கள் தூத்துக்குடியிலும் சென்னையிலும் டொரன்டோவிலும் இருக்கிறார்கள். அம்மாவுக்கு வாட்ஸப் தாண்டி எதுவும் தெரியாது. அப்பாவின் ஃபோன் பூட்டைத் திறக்க முடியாமல் நின்ற நாளையும் எழுதியிருக்கிறீர்கள். "இலவசமாக, காலத்துக்கும் நிற்கிற மாதிரி ஒரு தளம் சொல்லுங்கள்" என்று முடித்திருக்கிறீர்கள்.

முதலில் அந்தக் கடைசி வரியைப் பேசி முடித்துவிடுவோம். இலவசமும் நிரந்தரமும் ஒரே கடையில் கிடைப்பதில்லை. கிடைப்பது போலச் சில முறை தோன்றியது. ஒவ்வொரு முறையும் சில வருடங்களில் இரண்டில் ஒன்று காணாமல் போனது. அந்தக் கதையைக் கீழே சொல்கிறேன். இதை எழுதும்போது கூகுளிலும் ஆப்பிளிலும் 200 ஜிபி இடத்துக்கு மாதம் இருநூறு ரூபாய்க்குச் சற்று மேலே ஆகிறது. ஆண்டுக்கு ஒரு கல்யாண மொய் அளவு. அதை ஒதுக்கிவிட்டுப் பேச்சைத் தொடங்கினால் பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும்.

இன்னொன்று. நீங்கள் ஒரு தளம் கேட்கிறீர்கள். உங்களுக்குத் தேவை இரண்டு இடம். வீட்டில் பீரோ ஒன்று இருக்கிறது, கூடத்துச் சுவர் ஒன்று இருக்கிறது. நிலப் பத்திரத்தை யாரும் சுவரில் மாட்டுவதில்லை, தாத்தா படத்தை யாரும் பீரோவில் பூட்டி வைப்பதில்லை. அசல் கோப்புகள் 140 ஜிபியும் பீரோவுக்கு. அதிலிருந்து பொறுக்கி எடுத்த இருநூறு முந்நூறு படம் சுவருக்கு. ஒரே சேவை இரண்டையும் செய்யலாம். ஆனால் எந்த வேலைக்காக எதைக் கேட்கிறோம் என்பது மனதில் பிரிந்து இருக்க வேண்டும். இதைப் பிரிக்காத வீடுகளில் என்ன நடக்கிறது என்று ஒன்று சொல்கிறேன்.

எங்கள் சொந்தத்தில் ஒரு பெரியவர் தவறினார். பதினாறாம் நாளுக்குள் படத்தைப் பெரிதாக்கி மாலை போட வேண்டும். மகன் குடும்பக் குழுவில் கேட்டதும் முப்பது படம் வந்து விழுந்தது. பேத்தியின் காதுகுத்தில் அவர் வாய்விட்டுச் சிரிக்கிற ஒரு படம் எல்லோருக்கும் பிடித்தது. ஸ்டூடியோவுக்குக் கொண்டுபோனோம். கடைக்காரர் திரையில் பெரிதாக்கிக் காட்டினார். மீசை மயிர் மயிராகத் தெரியவில்லை. சாம்பலைக் குழைத்துத் தடவியது போல இருந்தது. கன்னத்தில் சின்னச் சின்னக் கட்டங்கள். படத்தின் அளவு 1200க்கு 1600 புள்ளி (பிக்சல்). 12க்கு 18 அங்குலத்தில் அச்சிட்டால் நீளவாக்கில் அங்குலத்துக்கு 90 புள்ளிகூட வராது. சுவரில் மாட்டுகிற படத்துக்கு 150 இருந்தால் பரவாயில்லை, கையில் வைத்துப் பார்க்கிற படத்துக்கு 300 வேண்டும். அசல் எங்கே என்று தேடினோம். எடுத்தது மருமகளின் ஃபோன்; 3000க்கு 4000 புள்ளியில் எடுத்திருக்கும். அந்த ஃபோனை இரண்டு வருடம் முன்பே எக்ஸ்சேஞ்சில் கொடுத்துவிட்டார்கள். அந்தச் சிரிப்பு இப்போது நாலுக்கு ஆறு அளவில்தான் இருக்கிறது. மாலை போட்டிருப்பது ஆதார் அட்டைக்காக எடுத்தது போல விறைத்து நிற்கிற வேறு படம்.

இதில் வாட்ஸப்பைக் குறைசொல்ல ஒன்றுமில்லை. அது செய்தி கொண்டுபோகிற வண்டி. சுமையைக் குறைத்துத்தான் ஏற்றும். 2023 முதல் எச்டி என்று ஒரு பொத்தான் வந்திருக்கிறது, அதிலும் அசல் போகாது. அசல் அப்படியே போக வேண்டுமென்றால் 'டாக்குமென்ட்' என்று இணைத்து அனுப்ப வேண்டும். ஒரு கோப்பு 2 ஜிபி வரை போகும். எத்தனை சித்தப்பாக்கள் அப்படி அனுப்புவார்கள்?

இனி அந்த இலவசக் கதை. இணையத்தில் படம் பகிர்வதை ஒரு பழக்கமாக்கியது ஃப்ளிக்கர். 2004-இல் வான்கூவரில் ஒரு சிறு கம்பெனி, இணைய விளையாட்டு ஒன்றைக் கட்டிக்கொண்டிருந்தது. அதற்குத் துணையாகச் செய்த படப் பகிர்வு, விளையாட்டையே விழுங்கிவிட்டது. அடுத்த வருடம் யாகூ வாங்கியது. 2013-இல் யாகூ, ஆளுக்கு ஒரு டெராபைட் இலவசம் என்றது. அன்றைய கணக்கில் அது ஆயுசுக்கும் தீராத இடம். பலர் ஹார்ட் டிஸ்க்கைக் காலி செய்துவிட்டு அங்கே குடியேறினார்கள். 2018-இல் ஃப்ளிக்கர், ஸ்மக்மக் என்ற இன்னொரு படச் சேவையின் கைக்கு மாறியது. அந்த நவம்பரிலேயே அறிவிப்பு வந்தது: இலவசக் கணக்கில் இனி ஆயிரம் படம்தான், மிச்சத்தை எடுத்துக்கொள்ளுங்கள், இல்லையென்றால் பழையதிலிருந்து தொடங்கி அழிப்போம். பழையதிலிருந்து என்பதைக் கவனியுங்கள். எது போனால் திரும்பக் கிடைக்காதோ அதுதான் வரிசையில் முதலில் நின்றது. ஆனால் ஸ்மக்மக்கின் மேல் எனக்குக் கோபம் இல்லை. 2002-இலிருந்து காசு வாங்கித்தான் தொழில் நடத்துகிறார்கள், அதை மறைத்ததும் இல்லை. கொடுக்க முடியாத வாக்கைக் கொடுத்தவர் அதற்கு முந்தைய முதலாளி.

ஃபோட்டோபக்கெட் செய்தது இதைவிடக் கூத்து. அங்கே படத்தை ஏற்றி, வேறு தளங்களில் ஒட்டிக்கொள்வது உலக வழக்கமாக இருந்தது. 2017 ஜூன் கடைசியில் விதியை மாற்றினார்கள்: வெளித்தளத்தில் படம் தெரிய வேண்டுமானால் ஆண்டுக்கு 399.99 டாலர். ஒரே இரவில், பைக் எஞ்சின் பிரிப்பது எப்படி, தையல் எப்படி என்று வருடக்கணக்காக ஆட்கள் எழுதி வைத்த பக்கங்களில் எல்லாம் படம் இருந்த இடத்தில் 'கணக்கை உயர்த்துங்கள்' என்ற பலகை தொங்கியது. மறு வருடம் பின்வாங்கினார்கள். அதற்குள் போகிறவர்கள் போய்விட்டார்கள்.

கோடாக்கைக் கேட்கவே வேண்டாம். படம் என்றாலே கோடாக் என்றிருந்த கம்பெனி 2012 ஜனவரியில் திவால் மனு கொடுத்தது. அந்த ஜூலையில் அதன் இணையப் படத் தளமான கோடாக் கேலரி மூடப்பட்டு, படங்கள் ஷட்டர்ஃப்ளை என்ற வேறு தளத்துக்குக் கைமாறின. கூகுளும் இதில் பரிசுத்தமில்லை. பிகாசா என்ற தன் பழைய படச் சேவையை 2016-இல் நிறுத்தியது. 2015 மே மாதம் கூகுள் ஃபோட்டோஸ் வந்தபோது, கொஞ்சம் சுருக்கிய படங்களுக்கு எல்லையே இல்லை என்றது. 2021 ஜூன் 1 முதல் எல்லை வந்துவிட்டது. இப்போது மின்னஞ்சல், டிரைவ், படங்கள் மூன்றுக்கும் சேர்த்து 15 ஜிபி. சராசரி ஃபோன் படம் 4 எம்பி என்று வைத்தால், மின்னஞ்சலே இல்லாவிட்டாலும் 3,750 படத்தில் நிரம்பிவிடும். ஒரு கல்யாணமும் ஒரு காதுகுத்தும்.

இதையெல்லாம் பார்த்து நான் வந்து நிற்கிற இடம் இதுதான்: சேவையைத் தேர்ந்தெடுக்கும்போது முன்வாசல் அலங்காரத்தைப் பார்க்காமல் நேராகக் கொல்லைப்புறம் போய்க் கதவு திறக்கிறதா என்று பாருங்கள். எத்தனை வருடம் கழித்தும் என் படங்களை, நான் ஏற்றிய அதே தரத்தில், தேதியும் குறிப்பும் ஒட்டியிருக்க, மொத்தமாக எடுத்துக்கொண்டு கிளம்ப முடியுமா? விலை, இடம், அழகு எல்லாம் அதற்கு அப்புறம்.

கூகுளின் கொல்லைக் கதவுக்கு டேக்அவுட் என்று பெயர். கேட்டால் மொத்தப் படத்தையும் 50 ஜிபி வரையிலான ஜிப் மூட்டைகளாகக் கட்டிக் கொடுக்கும். கதவு திறக்கிறது, சந்தேகமில்லை. ஆனால் ஒரு மூட்டையைப் பிரித்துப் பாருங்கள். படம் ஒரு கோப்பு. அதன் பக்கத்திலேயே அதே பெயரில், ஜேசன் (.json) என்று முடிகிற சின்ன எழுத்துக் கோப்பு ஒன்று. நோட்பேடில் திறந்தால் உள்ளே 1452816000 என்று ஓர் எண் இருக்கும். 1970 ஜனவரி 1 முதல் எண்ணி வந்த நொடிகள் அவை. கணக்குப் போட்டால் 2016 பொங்கலன்று காலை ஐந்தரை மணி. கேமரா தானாகப் படத்துக்குள் எழுதி வைத்த தேதி படத்திலேயே இருக்கும், அதற்குப் பயமில்லை. ஆனால் வாட்ஸப்பில் வந்த படத்துக்குள் தேதி கிடையாது. ஸ்கேன் செய்த படத்துக்குள் ஸ்கேன் செய்த நாள்தான் இருக்கும். நீங்கள் கூகுளில் உட்கார்ந்து ஒவ்வொன்றாகத் திருத்திய தேதி, கீழே எழுதிய குறிப்பு எல்லாம் அந்தச் சின்னக் கோப்பில்தான் இருக்கின்றன. படத்தை மட்டும் எடுத்து வேறு இடத்தில் ஏற்றினால் பொங்கல் பானையும் அப்பாவின் கல்லூரி நாளும் ஒரே தேதியில் போய் உட்காரும். ஜேசனைப் படத்துக்குள் திரும்பக் கோத்துவிட எக்ஸிஃப்டூல் போன்ற கருவிகள் உண்டு, ஆனால் அது ஞாயிற்றுக்கிழமை ஒன்றைத் தின்றுவிடும்.

அதனால் உங்களுக்குச் சொல்வது: அப்பாவின் படங்களுக்குத் தேதியும் குறிப்பும் எழுதுவதை எந்தத் தளத்திலும் செய்யாதீர்கள். உங்கள் கணினியிலேயே, ஏற்றுவதற்கு முன், படக் கோப்புக்குள்ளேயே எழுதுங்கள். டிஜிகேம் என்ற இலவச மென்பொருள் இதற்குப் போதும். விண்டோஸ், மேக், லினக்ஸ் மூன்றிலும் ஓடும். யூனிகோடு என்பதால் தமிழிலேயே எழுதலாம். "இடமிருந்து: பெரிய அத்தை, அத்தை மாமியார், பெயர் தெரியவில்லை, அப்பா. திருச்செந்தூர் கடற்கரை, 1974 வாக்கில்" என்று எழுதிவிட்டால் அந்த வரி கோப்போடு போகும். நாளைக்கு எந்தத் தளம் வந்தாலும், அசலை அப்படியே வைக்கிற தளமானால், அதைப் படிக்கும், அல்லது குறைந்தபட்சம் அழிக்காமல் வைத்திருக்கும். அம்மா பக்கத்தில் இருக்கும்போதே இதைச் செய்யுங்கள். மூன்றாவதாக நிற்கிறவர் யார் என்று சொல்ல இன்னும் ஓர் ஆள் இருக்கிறார் என்பது சும்மா கிடைக்கிற பாக்கியமில்லை. ஐந்து தளங்களை ஒப்பிட்டு நீங்கள் செலவழிக்கப் போகிற நேரத்தைவிட இதற்குச் செலவாகிற இரண்டு மூன்று மாலைப் பொழுதுக்கு மதிப்பு அதிகம்.

இனி ஆளாளுக்கு வருவோம். உங்கள் வீட்டில் ஆண்ட்ராய்டும் ஐஃபோனும் கலந்து இருக்கின்றன என்று தெரிகிறது. அப்படியானால் பீரோவுக்கு நான் கூகுள் ஃபோட்டோஸைத்தான் சொல்வேன். தேடல் வசதிக்காக. பாட்டியின் முகத்தை ஒருமுறை காட்டிவிட்டால் ஐந்நூறு படத்தில் பாட்டி இருக்கிற இடமெல்லாம் வந்து நிற்கும். ஏற்றும்போது 'அசல் தரம்' என்பதைத் தேர்ந்தெடுங்கள். மற்றொன்று, இடம் மிச்சம் பிடிக்கிற தரம். 16 மெகாபிக்சலுக்கு மேற்பட்ட படங்களைச் சுருக்கும், வீடியோவை 1080p தரத்துக்கு இறக்கும், அதற்குக் கீழுள்ள படங்களையும் மறுபடி அமுக்கும். ஃபோன் திரையில் வித்தியாசம் தெரியாது. ஆனால் இது பீரோ. இங்கே கஞ்சத்தனம் வேண்டாம். வாங்குகிற 200 ஜிபியைக் குடும்பத்தில் இன்னும் ஐந்து பேரோடு பங்கு போட்டுக்கொள்ளலாம். ஒருவர் படம் மற்றவருக்குத் தெரியாது. ஒரு விதியை மட்டும் நினைவில் வையுங்கள்: இரண்டு வருடம் தொடாமல் கிடக்கிற கணக்கை அழிக்கலாம் என்று கூகுள் விதி வைத்திருக்கிறது, 2023 டிசம்பர் முதல் அது நடைமுறைக்கு வந்துவிட்டது. அப்பாவின் பழைய ஜிமெயிலில் படம் ஏதாவது இருந்தால் இன்றே உள்ளே போய்ப் பாருங்கள்.

வீட்டில் எல்லோரும் ஐஃபோன் என்றால் ஐக்ளவுட் சுகம். இலவசம் 5 ஜிபிதான், அது கண்துடைப்பு. அதில் ஒரு மயக்கம் உண்டு. 'ஷேர்டு ஆல்பம்' என்று ஒன்று, உங்கள் இடத்தில் கணக்கு வைக்காமல் படங்களை ஏற்றிக்கொள்ளும், நூறு பேர் வரை சேர்க்கலாம். அடடா என்று எல்லாவற்றையும் அதில் போட்டுவிட்டு ஃபோனில் அழிப்பவர்கள் இருக்கிறார்கள். அந்த ஆல்பம் படத்தின் நீளப் பக்கத்தை 2048 புள்ளியாகச் சுருக்கித்தான் வைக்கும். சுவராக அருமை, பீரோவாக ஆபத்து. இந்த இரண்டு கம்பெனிகளும் ஒரு நல்ல காரியம் செய்திருக்கின்றன: ஐக்ளவுடிலிருந்து கூகுளுக்கு 2021 முதலும், கூகுளிலிருந்து ஐக்ளவுடுக்கு 2024 முதலும், நம் கணினி வழியாக இறக்கி ஏற்றாமல் நேராகவே படங்களை மாற்றிக்கொள்ளலாம்.

டொரன்டோவில் இருக்கிற அண்ணனிடம் அமேசான் பிரைம் இருக்கிறதா என்று கேளுங்கள். கனடா, அமெரிக்கா, பிரிட்டன் போன்ற நாடுகளின் பிரைமில் அசல் அளவுப் படங்களுக்கு எல்லை இல்லை. வீடியோவுக்கு மட்டும் 5 ஜிபி. இந்திய பிரைமில் இந்தச் சலுகை கிடையாது. இரண்டாவது பிரதியாக அங்கே ஒரு மூட்டை கிடக்கட்டும். அவர் பிரைமை நிறுத்துகிற நாளில் அதுவும் ஆட்டம் காணும் என்பதால் அதை மட்டும் நம்ப வேண்டாம்.

என்டெ என்று ஒரு சேவை உண்டு. மலையாளத்தில் 'என்னுடைய' என்று அர்த்தம், பெயரே கொள்கை. படங்கள் உங்கள் ஃபோனை விட்டுக் கிளம்பும் முன்பே பூட்டப்படும், சாவி உங்களிடம் மட்டும். நடத்துகிறவர்களே நினைத்தாலும் படத்தைப் பார்க்க முடியாது. நிரல் முழுக்கப் பொதுவில் இருக்கிறது. சாவி உங்களிடம் மட்டும் என்பதால் வரும் இன்னொரு விளைவையும் யோசியுங்கள்: கடவுச்சொல்லையும் மீட்புச் சொற்களையும் இரண்டையும் தொலைத்தால் யாரிடம் போய் அழுதாலும் திரும்பாது. சாவியைப் பத்திரமாக வைக்கிற வீட்டுக்கு நல்லது. சாவியைத் தொலைத்துவிட்டுப் பூட்டை உடைக்க ஆள் தேடுகிற வீட்டுக்குச் சரிவராது. உங்கள் வீடு எது என்பது உங்களுக்குத்தான் தெரியும்.

இந்த மாதிரி பூட்டிய பெட்டி எதற்கு என்று கேட்பவர்களுக்கு ஒரு சம்பவம். சான் பிரான்சிஸ்கோவில் ஒரு தகப்பனார், 2021-இல், மகனுக்கு உடம்பில் மறைவான இடத்தில் வீக்கம் என்று மருத்துவருக்கு அனுப்பப் படம் எடுத்தார். ஃபோன் அதைத் தானாக மேலே ஏற்றியது, கூகுளின் தானியங்கிச் சோதனை அதைக் குழந்தைகள் மீதான குற்றமாகக் குறித்தது, கணக்கு மூடப்பட்டது. பத்து வருடத்து மின்னஞ்சல், படங்கள், ஃபோன் எண் எல்லாம் போயின. போலீஸ் விசாரித்துக் குற்றமில்லை என்றது. அப்போதும் கணக்கு திரும்பவில்லை. 2022-இல் நியூயார்க் டைம்ஸ் இதை வெளியிட்டது. நம் வீடுகளில் அரைஞாண் மட்டும் கட்டிய குழந்தையைக் குளிப்பாட்டிப் படம் எடுக்காதவர்கள் யார்? பாட்டிகள் அதைச் சட்டம் போட்டே மாட்டியிருப்பார்கள். நமக்குக் குறும்பு, எங்கோ ஓடுகிற நிரலுக்கு அந்த வேறுபாடு தெரியாது. குளியல் படங்களைத் தானாக ஏறுகிற ஆல்பத்திலிருந்து விலக்கி வையுங்கள். எல்லா முட்டையும் ஒரு கூகுள் கணக்கில் இருக்கும்போது, கூடை எப்போது கவிழும் என்பது நம் கையில் இல்லை.

ஃப்ளிக்கரை ஒதுக்கிவிட்டேன் என்று நினைக்க வேண்டாம். படத்தைப் படமாக மதிக்கிற ஆட்கள் இன்னும் அங்கேதான் இருக்கிறார்கள். 2008-இல் அமெரிக்க நாடாளுமன்ற நூலகம் தன் பழைய படங்களைப் பொதுமக்கள் பார்த்துக் குறிப்பெழுதக் கொண்டுவந்து வைத்ததும் அங்கேதான். காசு கட்டினால் அசல் அளவில் எல்லையில்லாமல் ஏற்றலாம். ஆனால் அது ஊருக்குக் காட்டுகிற இடம், குடும்பத்துக்கு அதிகப்படி. கோயில் கொடைப் படங்களில் ஆட்கள் முகம் பெரிதாகத் தெரியாத நல்ல படங்கள் இருந்தால், கோபுரம், தேர், முளைப்பாரி வரிசை மாதிரி, அவற்றை விக்கிப்பீடியாவின் பொதுப் படக் களஞ்சியமான விக்கிமீடியா காமன்ஸில் ஏற்றுங்கள். 2004-இலிருந்து நடக்கிறது, விளம்பரம் கிடையாது, படம் விக்கிப்பீடியாக் கட்டுரைகளில் சேரலாம். யார் வேண்டுமானாலும், வியாபாரத்துக்கும்கூட, எடுத்துக்கொள்ளலாம் என்ற உரிமத்தில்தான் அங்கே ஏற்ற முடியும். கொடுத்தால் கொடுத்ததுதான். தங்கையின் கல்யாணப் படத்துக்கு அங்கே இடமில்லை, இருக்கவும் கூடாது.

வீட்டிலேயே சர்வர் (எப்போதும் ஓடுகிற சேமிப்புக் கணினி) வைக்கலாமா என்று நீங்கள் கேட்கவில்லை, ஆனால் யாராவது கேட்பார்கள். இம்மிச் என்ற மென்பொருள் கூகுள் ஃபோட்டோஸ் மாதிரியே இருக்கும், இலவசம். நான் ஓட்டுகிறேன். கரண்ட் போகும், யூபிஎஸ் பேட்டரி வீங்கும், இணையக் கம்பெனி வெளியிலிருந்து உள்ளே வர வழி கொடுக்காது, நான் ஊருக்குப் போன நாளில்தான் டிஸ்க் நிரம்பும். பொழுதுபோக்காக இருந்தால் செய்யுங்கள்.

பகிர்வது பற்றிக் கொஞ்சம். கூகுளில் ஆல்பம் ஒன்று செய்து லிங்க் எடுத்தால், அந்த லிங்க் யார் கையில் இருக்கிறதோ அவரெல்லாம் பார்க்கலாம். சொந்தக்காரர்கள் குழுவில் போட்டது, அங்கிருந்து ஊர்க்காரர்கள் குழு, அங்கிருந்து கல்யாணத் தரகர் கை என்று போய்க்கொண்டே இருக்கும். கல்யாண ஆல்பத்துக்கு இது பரவாயில்லை. மாதம் ஒன்று கழித்து லிங்க்கை அணைத்துவிடுங்கள். சின்னப் பிள்ளைகள் படத்துக்கு லிங்க்கை அணைத்து, பெயர் சேர்த்தவர்கள் மட்டும் பார்க்கிற மாதிரி வையுங்கள். பார்ப்பவரின் சேமிப்பிடம் குறையாது. அவர் தன் கணக்கில் சேமித்துக்கொண்டால்தான் அவர் கணக்கில் ஏறும். அடுத்தது இடக்குறிப்பு. ஃபோன் படத்துக்குள் எடுத்த இடத்தின் அட்சரேகை தீர்க்கரேகை ஒளிந்திருக்கும். வாட்ஸப்பில் படமாக அனுப்பினால் அது கழன்றுவிடும். டாக்குமென்டாக அனுப்பினால் தங்கத் தோடு போட்ட படத்தோடு வீட்டு முகவரியும் சேர்ந்து போகும். கூகுள் பகிர்விலும் இடத்தை மறைக்க அமைப்பு உண்டு, தேடிப் போட்டுக்கொள்ளுங்கள்.

ஏற்றுவதற்கு எவ்வளவு நேரம் ஆகும் என்பதையும் கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள், இல்லையென்றால் மூன்றாம் நாள் வெறுத்துப்போய் விட்டுவிடுவீர்கள். இணையத் திட்டத்தில் பெரிதாகப் போட்டிருப்பது இறக்கும் வேகம். நமக்குத் தேவை ஏற்றும் வேகம். விநாடிக்கு 10 மெகாபிட் ஏறினால் 140 ஜிபிக்குச் சுமார் 31 மணி நேரம். 40 கிடைத்தால் எட்டு மணி நேரத்துக்குள் முடியும். ஃபோன் வழியாகச் செய்யாதீர்கள். கணினியில் உலாவியைத் திறந்து, வருட வாரியாகக் கோப்புறை பிரித்து, ராத்திரியில் ஒவ்வொன்றாக விடுங்கள்.

பென் டிரைவை நம்பாதீர்கள் என்று தனியாகச் சொல்ல வேண்டியதில்லை. தொண்ணூறுகளின் கல்யாண வீடியோ கேசட்டில் பூஞ்சை பூத்ததை நாம் பார்த்திருக்கிறோம். ஒரு டெராபைட் வெளி ஹார்ட் டிஸ்க் ஒன்று வாங்குங்கள். 140 ஜிபியையும் அதில் போட்டுச் சென்னை வீட்டில் வையுங்கள். இன்னொரு பிரதி மேகத்தில் (கூகுள் போன்ற இணையச் சேமிப்பில்), உங்கள் கணினியில் இருப்பது மூன்றாவது. மூன்று பிரதி, இரண்டு விதமான சாதனம், ஒன்று வேறு ஊரில் என்று புகைப்படக்காரர் பீட்டர் க்ரோ சொன்ன கணக்கு இதுதான். பீரோவில் பூட்டி வைத்த டிஸ்க்கை வருடம் ஒருமுறை, ஆயுத பூஜையன்று என்று வைத்துக்கொள்ளுங்களேன், கணினியில் மாட்டிப் பத்துப் படம் திறந்து பாருங்கள். சும்மா கிடக்கிற டிஸ்க் சொல்லாமல் செத்துப்போகும்.

கணக்கு யார் பெயரில் என்பதும் ஒரு கேள்வி. உங்கள் பெயரில் என்றால் உங்களுக்குப் பிறகு யார்? கூகுளில் 'செயல்படாத கணக்கு மேலாளர்' என்ற அமைப்பு உண்டு; குறிப்பிட்ட மாதங்கள் நீங்கள் வராவிட்டால் நீங்கள் சொன்ன ஆளுக்குத் தகவலும் கோப்புகளும் போகும், பத்துப் பேர் வரை குறிப்பிடலாம். ஆப்பிளில் 2021 கடைசியிலிருந்து இதே போல வாரிசுத் தொடர்பு என்று ஐந்து பேர் வரை வைக்கலாம். தங்கையின் பெயரைப் போட்டு, போட்டிருக்கிறேன் என்று அவரிடம் சொல்லியும் வையுங்கள். பத்து நிமிட வேலை. அப்பாவின் ஃபோன் பூட்டைத் திறக்க முடியாமல் நின்ற நாளை நீங்களே கேள்வியில் எழுதியிருக்கிறீர்கள், அதனால் இதை விளக்க வேண்டியதில்லை.

காசு கட்டுவதற்கு முன் ஒரு சோதனை. அப்பா படம் பத்து எடுத்து, நான் சொன்ன மாதிரி குறிப்பு எழுதி, இலவசக் கணக்கிலேயே ஏற்றுங்கள். உடனே மொத்தமாக இறக்கிப் பாருங்கள். கோப்பின் அளவு ஒரு பைட்கூடக் குறையாமல், குறிப்போடு திரும்பி வருகிறதா? வந்தால் அடுத்தது, அதையே ஆல்பமாக்கி லிங்க்கை அம்மாவின் வாட்ஸப்புக்கு அனுப்புங்கள், பக்கத்தில் நின்று சொல்லிக் கொடுக்காமல். தொட்டதும் படம் வந்தால் சரி. 'உள்நுழைக' என்று ஒரு பெட்டி வந்து, அம்மா ஃபோனை உங்கள் பக்கம் நீட்டினால், அமைப்பை மாற்றுங்கள்; அப்போதும் நீட்டினால் தளத்தை மாற்றுங்கள்.